பதினான்கு படப் புத்தகங்களும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

1

வெள்ளிக்கிழமைதோறும் என் மகள் இனியாவின் பள்ளிப் பையில் ஒரு மஞ்சள் உறை வருகிறது. உறைக்குள் நான் ஒப்பமிட வேண்டிய காகிதங்கள். பல்லைப் பரிசோதிக்கலாமா, புகைப்படம் எடுக்கலாமா, பக்கத்துத் தெருப் பூங்காவுக்கு நடத்திச் செல்லலாமா, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா? அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக்குக் குடிவந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பதினோர் ஆண்டுகளில் நான் அதிகமாக எழுதியது என் கையெழுத்தைத்தான். நெய்வேலியில் என் பள்ளிப் படிப்பு முடியும்வரை அப்பா எனக்காகப் போட்ட கையெழுத்துகள் ஆண்டுக்கு மூன்று. அவற்றையும் நைட் ஷிப்ட் முடிந்து வந்த அயர்ச்சியில், மதிப்பெண்ணைப் பார்க்காமலே போட்டுக் கொடுத்தார். நான் கெட்டுப்போகவில்லை.

இந்த ஜனவரியில் வந்த உறையில் ஒரு நீலத் தாள் இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை நினைவுகூரும் விடுமுறை நெருங்குவதால், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அப்போராட்டம் பற்றிய படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ‘நான் நியாயத்தின் பக்கம் நின்ற நாள்’ என்று அரைப்பக்கம் எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும். பிள்ளை எழுதியதைப் படித்தேன் என்று பெற்றோர் ஒப்பமிட வேண்டும்.

இனியா எழுதியிருந்ததன் சாரம் இது: ‘சென்ற கோடையில் இந்தியாவில் ஒரு நூலகத்துக்குள் என் தோழியை விடவில்லை. நான் வாசலில் உட்கார்ந்தேன். எழ மறுத்தேன். பிறகு விதியை மாற்றினார்கள்.’

நான்கு நாள்கள் அந்தத் தாள் சமையலறை மேடையில் கிடந்தது, நான் ஒப்பமிடவில்லை. ஏனெனில் விதியை யாரும் மாற்றவில்லை. மாற்றிவிட்டார்கள் என்று அவளிடம் சொன்னவள் நான்.

2

இங்குள்ள படப் புத்தகங்களை ஊரிலிருக்கும் நீங்கள் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பெரும்பாலும் முப்பத்திரண்டு பக்கங்கள். உரிமைப் போராட்டம் பற்றியவை மட்டுமே எங்கள் ஊர் நூலகத்தில் இரண்டு அடுக்குகளை நிறைத்திருக்கின்றன. பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்த பெண்மணி, வெள்ளையருக்கு ஒன்றும் கறுப்பருக்கு ஒன்றுமாக இரண்டு குடிநீர்க் குழாய்கள், உணவு விடுதியின் மேடை முன் அமர்ந்து காப்பி கேட்டுக் காத்திருக்கும் மாணவர்கள். இனியாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது இவற்றைப் படித்துக் காட்டிக் கண் கலங்கியிருக்கிறேன். “இதுல கெட்டவங்க யாரும்மா?” என்று அவள் கேட்பாள். கேள்வி நியாயமானது. கெட்டவர்களை ஓவியர்கள் முதுகுப்புறமாகவே வரைகிறார்கள். குழந்தைகள் பயந்துவிடக் கூடாதாம்.

கடைசிப் படத்தில் தவறாமல் வெயில் அடிக்கிறது. எல்லா நிறக் குழந்தைகளும் கைகோத்து நிற்கிறார்கள். அதற்குப் பிறகு, பின்னட்டையை ஒட்டிய பக்கத்தில், எறும்பு எழுத்தில் பெரியவர்களுக்கென்று ஒரு குறிப்பு இருக்கும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. அப்படி எழ மறுத்தவர்களுக்கு வேலை போனது, ஊரைவிட்டுப் போனார்கள், பல ஆண்டுகள் பிழைப்புக்குத் திண்டாடினார்கள். தூங்கும் நேரம் ஆகிவிட்டது என்று அந்தப் பக்கத்தை நான் ஒருநாளும் படித்துக் காட்டியதில்லை.

எங்கள் நூலகம் பழைய பிரதிகளைக் கழித்துவிடும்போது, அவற்றில் பதினான்கைப் பொறுக்கி எடுத்தேன். நெய்வேலியில் அக்கா குடியிருக்கும் பிளாக்கில் குடியிருப்போர் மன்றம் ஒன்று உண்டு. அதற்கொரு சிறுவர் நூலக அறை. அதற்கு அனுப்புவது என் திட்டம். ஆறு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் தமிழாக்கி, அச்சடித்து, சீட்டுகளாக வெட்டி, ஆங்கில வரிகளின் கீழே ஒட்டினேன். பின்னட்டைக் குறிப்புக்குத் தமிழ்ச் சீட்டு ஒட்ட இடம் போதவில்லை. விட்டுவிட்டேன். குழந்தைகளுக்கு அது எதற்கு என்றும் நினைத்தேன்.

பெட்டி சுங்கத்தில் பதினெட்டு நாள் நின்றது. “இவை வணிகத்துக்கா?” என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. இல்லை என்றேன். “எனில் ஏன் ஒரே பொருள் பற்றிப் பதினான்கு?” என்று இன்னொன்று வந்தது. அதற்கு நான் எழுதிய இரண்டு பக்க விளக்கத்தை யாரும் படித்திருக்க மாட்டார்கள். பெட்டி மட்டும் ஒருநாள் போய்ச் சேர்ந்தது.

3

நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவர்களுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது, குவார்ட்டர்ஸ் உண்டு. அப்பா ஓய்வு பெற்ற அன்றிலிருந்து கணக்கிட்டு வீட்டைக் காலி செய்தோம். நான் பிறந்து வளர்ந்த வீட்டில் இப்போது யாரோ. எனவே 2016 ஜூன் மாதம் நானும் இனியாவும் போய் இறங்கியது அக்காவின் குவார்ட்டர்ஸில். அத்தான் சுரங்கத்தில் பெர்மனன்ட்.

அந்தச் சொல்லுக்கு எங்கள் நகரியத்தில் இருக்கும் எடையை வெளியார் அறிய மாட்டார்கள். பெர்மனன்ட் ஒரு சாதி, கான்ட்ராக்ட் ஒரு சாதி. மற்ற சாதிகள் இவற்றுக்குள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கும். நான் பள்ளிக்குப் போன பேருந்து நிரந்தர ஊழியரின் பிள்ளைகளுக்கானது. முத்தாண்டிக்குப்பம் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் சாலையோரமாக நடப்பார்கள். மழை நாளில் அவர்கள்மீது சேறு தெறிக்கும்போது நாங்கள் ஜன்னலோரம் ஓடிப்போய்ப் பார்ப்போம். ஒரு பேருந்தின் இருக்கை பற்றி முப்பது வருடம் கழித்து வேற்று நாட்டுப் புத்தகத்தைப் படித்துக் கண்ணீர் விட்டவள், அந்த ஜன்னலில் ஒருநாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

மன்றத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செயலர் ஒலிவாங்கியில் பேசினார். “மேடம் கொடுத்த இந்த புக்ஸ் எல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு சமத்துவத்தை கத்துக்குடுக்கும். கறுப்பு வெள்ளைன்னு மனுஷன மனுஷன் பிரிச்சிருக்கான் பாருங்க, எவ்வளவு அநியாயம்!” கை தட்டினோம். நானும் தட்டினேன்.

அந்த அறையை மாலையில் கூட்டிப் பெருக்குபவர் அஞ்சலை. கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். அவர் குடும்பம் கூலிக்குப் பாடுபட்ட நிலம் சுரங்கத்துக்குப் போனது. நிலத்துக்காரருக்கு நஷ்டஈடு கிடைத்தது. அதில் நாற்று நட்டவர்களுக்குக் கொடுக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை. அஞ்சலை மன்றத்தின் துப்புரவுக் கான்ட்ராக்டரிடம் வேலை செய்தார். பள்ளி விட்டதும் அவர் மகள் கலை அங்கே வந்துவிடுவாள். பதினொரு வயது, கெட்டிக்காரி. இனியாவும் அவளும் மன்றத்து முற்றத்தில் பூப்பந்து ஆடித் தோழிகளானார்கள். “நான் பசி” என்று இனியா சொல்வாள். “எனக்குப் பசிக்குதுன்னு சொல்லு, நீயே பசியா?” என்று கலை திருத்துவாள். வாரக் கட்டணம் கட்டி இங்கே தமிழ்ப் பள்ளியில் நடக்காதது அங்கே ஐந்து நாளில் நடந்தது.

ஆறாம் நாள் இருவரும் நூலக அறைக்குள் போனார்கள். பொறுப்பாளர் கலையை நிறுத்திவிட்டார். உறுப்பினர் அட்டைக்கு நிரந்தர ஊழியரின் பணி எண் வேண்டும். விருந்தினர் உறுப்பினருடன் வரலாம். எனவே அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் என் மகள், அக்காவின் விருந்தினராக உள்ளே போகலாம். அந்த அறையின் தரையைத் துடைப்பவரின் மகள் தாழ்வாரத்தில் நிற்கலாம்.

4

மறுநாள் மாலை நான் போனபோது, நூலக வாசற்படியில் இருவரும் அமர்ந்திருந்தார்கள். மடியில் இனியா உள்ளிருந்து எடுத்துவந்த உணவு விடுதிப் புத்தகம். இனியாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது; கலைக்கு ஆங்கிலம் ஓடாது. கலை சீட்டுகளைப் படிக்க, இனியா படங்களை விளக்க, ஒரே புத்தகத்தை இரண்டு பேராகப் படித்துக்கொண்டிருந்தார்கள். யாராலும் உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை.

“பாப்பா, நீ உள்ள வா. சாக்லேட் தரேன்,” என்று பொறுப்பாளர் இனியாவைக் கெஞ்சினார்.

“ரெண்டு பேரும்,” என்றாள் இனியா.

“நீ எழுந்திரிடி,” என்று அவர் கலையிடம் சொன்னார். குரலில் சாக்லேட் இல்லை.

கலை பக்கத்தைப் புரட்டினாள்.

அப்போது நான் செய்ய வேண்டியவை பல இருந்தன. கலையின் அருகில் போய் நிற்கலாம். பொறுப்பாளரிடம் பேசலாம். அஞ்சலையைத் தேடிப் போய், இது உங்களுக்குச் சம்மதமா என்று கேட்கலாம். நான் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தேன். மன்றத்தின் பெயர்ப்பலகையும் படத்தில் விழுந்தது. இரவுக்குள் அதை முகநூலில் ஏற்றிவிட்டேன். ‘என் மகள் இன்று ஒரு வாசலில் அமர்ந்தாள்’ என்று தொடங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு நீண்ட குறிப்பு. அட்லாண்டாவிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நண்பர்கள் நெகிழ்ந்தார்கள்.

படம் மறுநாளே நகரியத்தின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. அதற்கு மறுநாள், இனி வர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் அஞ்சலையிடம் சொல்லிவிட்டார்.

5

செய்தியைச் சொன்னது அக்கா. தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள், முகத்தைத் திருப்பவில்லை.

“நீ பாட்டுக்கு போட்டோ புடிச்சுப் போட்டுட்டு பிளைட் ஏறிடுவ. நாளைக்கு பால் பூத்துல அந்த செயலர் மூஞ்சில முழிக்கப் போறது நானு. அத விடு. அந்தப் பொம்பளைக்கு என்னடி பதில் சொல்லப் போற?”

“ரூல் தப்புக்கா.”

“தப்புன்னு எனக்குத் தெரியாதா? இருபது வருஷமா தெரியும். தெரிஞ்சு என்ன பண்ணேன்னு கேட்டுடாத, தோசை கருகிடும்.”

ஆட்டோ பிடித்து அஞ்சலையின் வீட்டுக்குப் போனேன். சற்று நேரம் வருத்தம் தெரிவித்தேன். அமைப்பு, உரிமை, தொழிலாளர் சட்டம் என்று என் பட்டப்படிப்பில் மிச்சமிருந்த எல்லாவற்றையும் பேசினேன். அஞ்சலை துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், என்னா பண்ணுவீங்கன்னு மட்டும் சொல்லுங்க. சும்மா பேசிகினு இருந்தா எனக்கு வேல வந்துடுமா?”

“செயலர்கிட்ட பேசறேன்.”

“பேசுங்க. சண்ட போடாதீங்க. நீங்க சண்ட போட்டா அது எங்க வூட்டு மேலதான் வந்து வுழுது.”

செயலர் மிக நல்ல மாதிரி பேசினார். காப்பி வரவழைத்தார்.

“நாங்க யாரையும் ஒதுக்கல மேடம். ரூல் அப்படி இருக்கு. மாத்தணும்னா பொதுக்குழு கூடணும். பொதுக்குழுவுக்கு கோரம் வேணும், இத்தன பேராவது வரணும்னு கணக்கு. பொங்கல் விழாவுக்கே கோரம் வரல.”

“அஞ்சலைக்கு வேலை போனது?”

“அது கான்ட்ராக்டர் விஷயம். எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.” ஒரு வாய் காப்பி குடித்தார். “நீங்க ஒரு லெட்டர் கொடுத்தீங்கன்னா, நான் அவர்கிட்ட சொல்லிப் பார்க்கறேன்.”

என்ன கடிதம் என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ‘விவரம் தெரியாத இரு குழந்தைகள் விளையாட்டாகச் செய்த செயலை நான் தவறாகச் சித்திரித்துவிட்டேன். பதிவை நீக்கிவிட்டேன். மன்றத்துக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு மன்னிப்புக் கோருகிறேன்.’ ஒப்பமிட்டேன். கைதான் பழகியிருக்கிறதே.

இரண்டு நாளில் அஞ்சலை வேலைக்குத் திரும்பினார். நான் எடை போட்டுத்தான் செய்தேன். ஒரு தட்டில் என் தன்மானம், மறு தட்டில் ஒரு குடும்பத்தின் சோறு. இதில் தயங்க என்ன இருக்கிறது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் சரியாயிற்றா என்று கேட்ட இனியாவிடம், சரியாயிற்று, கலையை இனி உள்ளே விடுவார்கள் என்றேன். மறுநாள் விமானம்.

6

நீலத் தாள் வந்த ஐந்தாம் நாள் இனியாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனது, கடிதம் கொடுத்தது, விதி அப்படியே இருப்பது. அவள் அழவில்லை. எனக்கு அதுவே கஷ்டமாக இருந்தது.

“கலைக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றாள்.

தெரியாது என்றுதான் நினைத்தேன். அக்காவிடம் எண் வாங்கி அஞ்சலையை அழைத்தேன்.

“பாப்பா நல்லாருக்கா மேடம்?” என்று தொடங்கினார். நான் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்ததும் இடைமறித்தார். “நான் அந்த வேலைய வுட்டுட்டேங்க. தீபாவளிக்கு முன்னாடியே. இப்ப காடாம்புலியூர்ல முந்திரிக் கம்பெனிக்குப் போறேன். கொட்டை உடைச்சிகினு இருக்கறதுல கையெல்லாம் எண்ண பட்டு தோலு உரியுது. பரவால்ல.”

“திரும்பச் சேர்த்துக்கிட்டாங்களே. ஏன் விட்டீங்க?”

“உங்க லெட்டர நோட்டீஸ் போர்டுல மாட்டிட்டாங்கல்ல? அந்தக் கண்ணாடிய தெனைக்கும் தொடைக்கறது நானு. எனக்குப் படிக்கத் தெரியாது. சினிமா நோட்டீசுன்னு நெனச்சிகினு தொடைச்சிருக்கேன். ஒரு நாளு கலை படிச்சா. அன்னையிலருந்து அந்தப் பக்கம் வரவே மாட்டேன்னுட்டா. நானும் எத்தினி நாளு தொடைக்கறது?”

அது போர்டில் மாட்டப்பட்டது எனக்குத் தெரியாது. ஆறு வாரம் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளுக்காகத் தமிழாக்கிய பதினான்கு புத்தகங்கள் அறைக்குள் இருந்தன. கலை தடையின்றிப் படிக்க முடிந்த என் எழுத்து, தாழ்வாரத்தில் மாட்டியிருந்த அது ஒன்றே.

“இருங்க, அவளே பேசறாளாம்,” என்றார் அஞ்சலை.

“ஆன்ட்டி, ‘விவரம் தெரியாத’ன்னு எழுதி இருந்தீங்க.” கலையின் குரலில் கோபம் இல்லை, பிழை கண்டுபிடித்த மாணவியின் குரல். “எனக்கு விவரம் தெரியும். ஒக்காரலாம்னு சொன்னதே நான்தான். இனியா பயந்தா. அம்மாவக் கேக்கணும்னா. நான்தான் அந்தப் படத்தக் காட்டி, இவங்கெல்லாம் யாரக் கேட்டுக்கினு ஒக்காந்தாங்கன்னு கேட்டேன்.”

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். இனியாவைப் பார்த்தேன்.

“ஆமா, அவதான்,” என்றாள் இனியா. “நீங்க கேக்கவே இல்ல. நீங்களே எழுதினீங்க, நான் உட்கார்ந்தேன்னு. எல்லாரும் லைக் போட்டாங்க.”

அதாவது, என் மகள் நீலத் தாளில் எழுதியது அவள் பொய்யல்ல. என் முகநூல் குறிப்பின் நகல். வாசலில் உட்காரும் யோசனை அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் வந்திருக்க முடியும் என்று ஒரு நொடிகூட ஆராயாமல் முடிவு செய்தவள் நான். பிறகு எடை போட்டபோதும் என் தன்மானத்தையும் அஞ்சலையின் சோற்றையும் மட்டுமே தட்டுகளில் வைத்தேன். மூன்றாவதாக ஒருத்திக்கும் தன்மானம் இருக்கக்கூடும் என்பது என் தராசில் ஏறவே இல்லை.

இனியா தன் தாளில் ‘நான்’ வந்த இடங்களையெல்லாம் அழித்தாள். கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு ‘விதி இன்னும் மாறவில்லை’ என்று எழுதினாள். ஒப்பமிட்டேன்.

ஆனால் என் கடிதம் இன்னும் அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. வேறு ஒன்று எழுதி அனுப்பினால் யாருக்கு என்ன ஆகும் என்று, இம்முறையாவது, ஒவ்வொருவரையும் கேட்டேன். “எனக்கு என்னா வந்தது? அங்க எனக்கு வேலயா இருக்குது?” என்றார் அஞ்சலை. “எழுதிக்க. நான் பால் வேற பூத்துல வாங்கிக்கறேன்,” என்றாள் அக்கா. கலை மட்டும் ஒரு நிபந்தனை விதித்தாள்: அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்துக் காட்டினேன். ‘ஜூன் மாதம் நான் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இரு குழந்தைகளும் விவரம் தெரிந்தே அமர்ந்தார்கள். யோசனை கலைவாணியுடையது. பணி எண் இல்லாத பெற்றோரின் பிள்ளைகளையும் உறுப்பினராக்க வேண்டும் என்று கோருகிறேன். கலைவாணி வறுமையிலும் அஞ்சாத, துணிச்சல் மிக்க சிறுமி...’

“நிறுத்துங்க ஆன்ட்டி.”

நிறுத்தினேன்.

“வறுமை, துணிச்சல் எல்லாம் எடுத்துருங்க.”

“சரி. வேற என்ன போடட்டும்?”

எதிர்முனையில் யாரோ பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“கலைவாணி, வயசு பன்னெண்டு, ஏழாம் வகுப்பு, மெம்பர்ஷிப் கேட்டு விண்ணப்பிக்கிறேன்னு போடுங்க. கையெழுத்துக்கு கீழ எடம் வுடுங்க, நான் போட்டுக்கறேன்.”